கடைசியில் நிற்கும் கசப்பு

நல்ல சொவாவே ஒயினை ஒரு மடக்கு வாயில் வாங்கி, நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். உடனே அடுத்த மடக்குக்குப் போக வேண்டாம். முதலில் வந்த பேரிக்காய் மணமும் வெள்ளைப் பூக்களின் வாசமும் எலுமிச்சையின் மெல்லிய புளிப்பும் ஒவ்வொன்றாக விடைபெறும். அவை போன பிறகு அடிநாக்கில் பாதாம் தோலின் கசப்பு ஒன்று மெதுவாக எழுந்து, சற்று நேரம் நிற்கும். அந்தக் கசப்புக்காகத்தான் நான் சொவாவே குடிக்கிறேன்.

இத்தாலிய ஒயினைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். அதன் அழகை இனிப்பில் தேடக் கூடாது. நுரைக்கும் ஒயினில் புளிப்பு, வெள்ளையில் கசப்பு, சிவப்பில் துவர்ப்பு. இந்த மூன்றையும் ரசிக்கப் பழகிவிட்டால், கடையில் நின்று பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதும் பாதி கைவந்துவிடும். பழச்சாறு போல வழுக்கிக்கொண்டு இறங்கும் ஒயின்களைச் செய்ய எத்தனையோ நாடுகள் இருக்கின்றன. இத்தாலிக்காரர்கள் ஒயினைச் சாப்பாட்டு மேசைக்காகச் செய்கிறார்கள். அந்த மேசையில் தொண்டையைச் சுரீரென்று பிடிக்கும் ஆலிவ் எண்ணெய் இருக்கிறது. ட்ரெவீசோ ஊரின் கசந்த ராடிக்கியோ கீரை இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் 1860-இல் நொவாராவில் பிறந்த கம்பாரி என்ற கசப்பு மது, சாப்பாட்டுக்குப் பின் கரிய எஸ்பிரெஸ்ஸோ. கசப்போடு வளர்ந்த நாக்குகள் அவை. அவர்களுடைய ஒயினும் அப்படித்தான் இருக்கும்.

நுரைப்பதிலிருந்து தொடங்கலாம். ப்ரொசேக்கோவை ஷாம்பெயினின் ஏழை உறவு என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. இரண்டுக்கும் நோக்கமே வேறு என்பதால் இந்த ஒப்பீடு ப்ரொசேக்கோவுக்குச் செய்யும் அநியாயம். ஷாம்பெயினில் இரண்டாவது நொதிப்பு பாட்டிலுக்குள்ளேயே நடக்கிறது. வேலை முடித்த ஈஸ்ட் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், உள்ளேயே படிந்து கிடந்து, சுட்ட ரொட்டியின் மணத்தை ஒயினுக்குக் கொடுக்கிறது. ப்ரொசேக்கோவின் திராட்சையான க்ளெராவுக்கு இது ஒத்துவராது. பச்சை ஆப்பிள், பேரிக்காய், வேலமரப் பூ என்று அதன் மணங்கள் மெலிந்தவை. ரொட்டி மணம் ஏறினால் அவை காணாமல் போய்விடும். ஆஸ்தியில் இருந்த ஃபெதெரிகோ மார்த்தினோத்தி 1895-இல் இதற்கு வழி கண்டார். இரண்டாவது நொதிப்பை மூடிய பெரிய கலத்தில் நடத்தி, அழுத்தம் குறையாமல் பாட்டிலில் அடைப்பது அவருடைய முறை. 1907-இல் பிரான்ஸின் யூஜேன் ஷார்மா அதைச் செம்மைப்படுத்தினார். இன்று எஃகுக் கலங்களில் சில வாரங்களில் முடிந்துவிடுகிற இந்த வேலையால்தான் க்ளெராவின் பூவாசம் நம் மூக்குவரை வந்து சேர்கிறது. அவசரத்துக்கும் மலிவுக்கும் செய்த ஏற்பாடு என்று இதை நினைக்கக் கூடாது. இந்தத் திராட்சைக்கு இதுதான் தகுந்த பக்குவம்.

ப்ரொசேக்கோவை ஒடுங்கிய நீளக் குழல் கோப்பையில் ஊற்றுவதை நிறுத்தலாம். குமிழிகள் வரிசைகட்டி ஏறுவது கண்ணுக்கு அழகுதான். ஆனால் மூக்கை நுழைக்க அதில் இடமில்லை. வயிறு கொஞ்சம் அகன்று வாய் சற்றே குவிந்த கோப்பை போதும். ஆறு முதல் எட்டு டிகிரி குளிர்ச்சி. சுழற்ற வேண்டாம், சுழற்றினால் வாயு பறந்துவிடும். நுரை எழுந்து அடங்கும் அந்தச் சில நொடிகளில் மூக்கைக் கொண்டுபோங்கள். குமிழி உடையும்போதெல்லாம் மணத்தைத் தானே மேலே தூக்கிவிடும்.

வாங்கும்போது ஒரு குழி உண்டு, பலரும் விழுகிறார்கள். லேபிளில் 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று இருந்தால் அது 'ப்ரூட்' என்பதைவிட இனிப்பானது. ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரை வரை இருக்கலாம். எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17. வெறும் 'ட்ரை' என்றால் 17 முதல் 32 வரை. பெயரை நம்பி ட்ரை வாங்கி, தித்திக்கிறதே என்று திகைத்தவர்கள் ஏராளம். நான் ப்ரூட் அல்லது அதற்கும் சர்க்கரை குறைந்த எக்ஸ்ட்ரா ப்ரூட் பக்கம். க்ளெராவின் புளிப்பு அதில்தான் வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

வெனெட்டோவிலும் ஃப்ரியூலியிலும் சமவெளி முழுக்க ப்ரொசேக்கோ விளைகிறது. ஆனால் அதன் உயிர் கொனெல்யானோவுக்கும் வால்தொப்பியாதெனேவுக்கும் இடைப்பட்ட செங்குத்தான குன்றுகளில் இருக்கிறது. இயந்திரம் ஏற முடியாத சரிவுகள் அவை. புல் மூடிய குறுகிய படிக்கட்டுகளாக அவற்றைத் திருத்தி, கையால்தான் அறுவடை செய்கிறார்கள். 2019-இல் யுனெஸ்கோ இந்தக் குன்றுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்குள்ளும் கார்த்தீட்சே என்ற ஒரு சரிவு, சுமார் 107 ஹெக்டேர் மட்டுமே. லேபிளில் 'ரீவே' என்ற சொல்லும் ஒரு சிற்றூரின் பெயரும் இருந்தால், அந்த ஊரின் சரிவிலேயே விளைந்த திராட்சை என்று பொருள். கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்து அதை வாங்குங்கள். சமவெளிப் பாட்டிலோடு பக்கத்தில் வைத்துக் குடித்தால் வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இந்தக் குன்றுகளில் எனக்கு மிகப் பிடித்தது 'கோல் ஃபோந்தோ'. மார்த்தினோத்தியின் கலங்கள் இங்கே வருவதற்கு முன் வீடுகளில் செய்துவந்த பழைய வகை. நொதிப்பு பாட்டிலிலேயே நடக்கும், ஈஸ்ட் வண்டலும் அடியிலேயே தங்கும். அசைக்காமல் ஊற்றினால் முதல் கோப்பை தெளிவாக, எலுமிச்சை நிறத்தில், சுள்ளென்ற புளிப்போடு இருக்கும். ஊற்ற ஊற்றக் கலங்கல் கூடும். கடைசிக் கோப்பை வெண்மையாக மங்கி, ரொட்டி மாவின் மணத்தோடும் கொஞ்சம் கசப்போடும் வரும். ஒரே பாட்டிலில் இரண்டு ஒயின்கள். சிலர் பாட்டிலை முதலிலேயே கவிழ்த்துக் கலக்கிவிடுகிறார்கள். வேண்டாம். அந்த மாற்றம் கோப்பைக்குக் கோப்பை நடப்பதைப் பார்ப்பதில்தான் சுகம்.

பாட்டிலுக்குள் நொதிக்கும் உயர்ரக ஒயினும் இத்தாலியில் உண்டு. இசேயோ ஏரிக்குத் தெற்கே ஃப்ரான்ச்சகோர்த்தாவில் 1961-இல் குய்தோ பெர்லுக்கியும் ஃப்ராங்கோ சிலியானியும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். அங்கே 'சத்தேன்' என்று ஒரு வகை செய்கிறார்கள். வெள்ளைத் திராட்சை மட்டும் சேர்ப்பார்கள், அழுத்தமும் வழக்கத்தைவிடக் குறைவு. குமிழி நாக்கில் குத்தாமல் பரவும். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் த்ரெந்தோவில் ஜூலியோ ஃபெர்ராரி 1902-இலேயே இந்த வழியில் இறங்கிவிட்டார். மலைப்பகுதியின் குளிர்ந்த இரவுகள் திராட்சையின் புளிப்பைக் காப்பாற்றிக் கொடுக்கின்றன. இரண்டில் ஒன்றுதான் என்றால் த்ரெந்தோ என்பேன்.

லம்ப்ரூஸ்கோவைப் பற்றிப் பேசாமல் நகர மனம் வரவில்லை. சிவப்பாக நுரைக்கும் ஒயின் என்றதுமே பலரும் முகம் சுளிக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. வெளிநாடுகளுக்குப் பல காலம் போனது சோடா போலத் தித்திக்கும் சரக்கு. மோதெனாவிலும் பொலோன்யாவிலும் உள்ளூர்க்காரர்கள் குடிப்பது இனிப்பில்லாத லம்ப்ரூஸ்கோ. அந்தப் பக்கத்துச் சாப்பாடு கொழுப்பு மிகுந்தது. மொர்த்தாதெல்லா, பன்றிக்காலில் அடைத்து வேகவைத்த த்சம்போனே, வெண்ணெய், பார்மிஜானோ பாலாடைக்கட்டி என்று அடுக்கிக்கொண்டே போகும். ஒரு வாய் சாப்பிட்டு, 'சொர்பாரா' வகை லம்ப்ரூஸ்கோவை ஒரு மடக்கு குடித்தால், புளிப்பும் குமிழியும் சேர்ந்து வாயிலுள்ள நெய்ப்பிசுக்கை வழித்தெடுத்துவிடும். சொர்பாரா வெளிர் ரோஜா நிறம், கூர்மையான புளிப்பு. 'க்ராஸ்பரோஸ்ஸா' கருஞ்சிவப்பு, துவர்ப்பும் உண்டு. லேபிளில் 'செக்கோ' என்று பார்த்து வாங்குங்கள். இனிப்பற்றது என்று பொருள்.

இனிப்புக்கு இத்தாலியில் இடமே இல்லையா என்றால், உண்டு. பியெமோந்தேயின் மொஸ்காத்தோ தாஸ்தி இருக்கிறது. நொதிப்பைக் குளிரவைத்துப் பாதியிலேயே நிறுத்திவிடுவதால் ஐந்து சதவீத ஆல்கஹாலோடு, திராட்சையின் மணம் அப்படியே மிஞ்சும். சாப்பாடு முடிந்தபின் ஒரு சிறு கோப்பை போதும்.

வெள்ளைக்கு வருவோம். சொவாவே என்பது வெரோனாவுக்குக் கிழக்கே கோட்டை மதில் சூழ்ந்த ஒரு சிற்றூர். கார்கனேகா என்ற திராட்சை. குன்றுகளில் கிழக்குப் பக்கம் கறுத்த எரிமலைப் பாறை, மேற்கே சுண்ணாம்பு. ஒரு காலத்தில் சொவாவே என்றால் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போகும் நிறமற்ற தண்ணீர் என்ற பெயர்தான் இருந்தது. ஆற்றோரச் சமவெளியில் ஏக்கருக்கு எவ்வளவு காய்க்குமோ அவ்வளவும் காய்க்க விட்டதன் பலன் அது. பியெரோபான் குடும்பம் 1971-இல் கல்வாரீனோ என்ற ஒற்றைத் தோட்டத்தின் பெயரைத் தனியாக லேபிளில் போட்டு ஒயின் அடைத்தபோது, சொவாவேயின் பெயரை மீட்கும் வேலை தொடங்கியது. 'க்ளாஸிகோ' என்ற சொல் லேபிளில் இருந்தால் பழைய குன்றுப் பகுதியில் விளைந்தது என்று அர்த்தம். சொவாவேயில் மட்டுமல்ல, கியாந்தியிலும் வால்போலிச்செல்லாவிலும் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். இத்தாலிய லேபிளில் ஒரே ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ள நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்துப் பாருங்கள். இளம் சொவாவே வைக்கோல் மஞ்சளில், ஓரத்தில் பச்சைச் சாயலோடு இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் வராது. குளிர் மணத்தைப் பூட்டி வைத்துவிடும். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு ஏறும்வரை பொறுத்தால் முதலில் சாமந்தி இனத்துப் பூவாசம், பிறகு பேரிக்காய், அப்புறம் மழை விழுந்த கல்லின் மணம். வாயில் வைத்ததும் புளிப்பு கன்னத்தின் இருபுறமும் எச்சிலைச் சுரக்க வைக்கும். நடுவில் கொஞ்சம் திண்மை, கடைசியில் அந்தக் கசப்பு. இதற்கு நாக்கில் நிறைய இடம் வேண்டும் என்பதால் சிறு சிறு மடக்காக உறிஞ்சாமல், ஒரு கரண்டி அளவு வாங்கி மெல்வதுபோல அசைக்க வேண்டும். நல்ல தோட்டத்து சொவாவே பத்து வருடம் தாங்கும். அப்போது நிறம் பொன்னாகி, தேன் மணமும் தீக்கல் மணமும் ஏறும். கசப்பு மட்டும் போகாது. அது குறையாமல் இருப்பதைத்தான் நல்ல முதுமைக்கு அடையாளமாக நான் பார்ப்பேன்.

இதே பாதாம் கசப்பு ஆட்ரியாட்டிக் கரையை ஒட்டிய மார்க்கே பகுதியின் வெர்திக்கியோவிலும் உண்டு, புளிப்பு இன்னும் கூர்மை. யேசி ஊரைச் சுற்றி விளைவது ஒரு வகை. உள்ளே தள்ளி, மலைகளுக்கு நடுவே உயரத்தில் இருக்கும் மாத்தெலிகாவில் விளைவது இன்னொரு வகை. மாத்தெலிகா இறுக்கமானது, நேரம் கொடுத்தால் பேசும். மீன் சமைத்த நாளில் இதைவிடப் பொருத்தமான ஒயின் எனக்குத் தெரியாது.

தெற்கே கம்பானியாவில் ஃபியானோ. அவெல்லீனோ குன்றுகளில் விளையும் இந்த ஒயினில் ஹேஸல்நட் மணம் வரும். அந்தக் கொட்டைக்குத் தாவரவியலில் வைத்த அவெல்லானா என்ற பெயரே அந்தப் பகுதியிலுள்ள அவெல்லா ஊரிலிருந்து போனதுதான். அதே மண்ணில் கொட்டையும் விளைகிறது, அதன் மணத்தை ஒயினும் ஏந்தி வருகிறது. இந்தத் திராட்சை நம் காலத்துக்கு மிஞ்சியது தற்செயலாக நடந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊரே அதிக விளைச்சல் தரும் வகைகளை நட்டபோது, அந்தோனியோ மாஸ்த்ரோபெரார்தினோ ஃபியானோவையும் கிரேகோ என்ற இன்னொரு திராட்சையையும் விடாமல் பிடித்து மீட்டார். 2014-இல் மறைந்தார். ஃபியானோ குடிக்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

பீனோ க்ரீஜோவைப் பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது. உலகம் முழுக்க விற்கும் நிறமற்ற பீனோ க்ரீஜோவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாராட்டவும் ஒன்றுமில்லை. அந்தத் திராட்சையின் தோல் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு. ஃப்ரியூலியில் தோலோடு கொஞ்ச நேரம் ஊறவிட்டு, செம்பு நிறத்தில் 'ராமாத்தோ' என்று எடுப்பதுதான் பழைய வழக்கம். கிடைத்தால் அதை வாங்குங்கள்.

ஃப்ரியூலியின் கிழக்குக் கோடியில், ஸ்லோவேனிய எல்லையில் இருக்கும் ஓஸ்லாவியாவில் யோஷ்கோ க்ராவ்னர் இதை இன்னும் வெகுதூரம் கொண்டுபோனார். 2001 அறுவடையிலிருந்து ஜார்ஜியா நாட்டுக் களிமண் தாழிகளை நிலத்தில் புதைத்து, ரிபோல்லா என்ற வெள்ளைத் திராட்சையைத் தோலும் விதையுமாக மாதக்கணக்கில் அதில் ஊறவைத்தார். வருவது அம்பர் நிற ஒயின். வெள்ளைத் திராட்சைதான், ஆனால் வாயில் சிவப்பு ஒயினின் துவர்ப்பு. குளிரவைத்துக் குடித்தால் வீண். சிவப்புக்குரிய வெப்பத்தில், பெரிய கோப்பையில் ஊற்றி ஆறப்போட்டுக் குடிக்க வேண்டியது.

துவர்ப்பு என்று வந்தபின் நெப்பியோலோவிடம்தான் போயாக வேண்டும். பரோலோவும் பார்பரெஸ்கோவும் இந்த ஒரே திராட்சையில் செய்பவை. பியெமோந்தேயில் லாங்கே குன்றுகளில், மற்ற திராட்சைகளெல்லாம் அறுவடையாகி முடிந்தபின், அக்டோபர் பனிமூட்டத்தில் இது பழுக்கிறது. ஊற்றிப் பார்த்தால் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். இவ்வளவு பெரிய பெயருள்ள ஒயின் இவ்வளவு வெளிறியா இருக்கும் என்று தோன்றும். கோப்பையைச் சாய்த்தால் அடியில் வைத்த எழுத்தைப் படித்துவிடலாம். நிறம் மாதுளைச் சிவப்பு, சில ஆண்டுகளிலேயே ஓரம் செங்கல் நிறமாகும். நெப்பியோலோவின் நிறமிகள் சீக்கிரம் மங்கும் இனம். நிறத்தை வைத்து எடைபோடுகிறவர் இதனிடம் தோற்றுவிடுவார்.

மூக்கைக் கொண்டுபோங்கள். ரோஜா வரும், காயத் தொடங்கிய ரோஜா. அதன் பின்னால் தார். இரண்டும் சேர்ந்து வருவது எப்படி என்று கேட்கலாம்; வருகிறது. பத்து நிமிடம் கழித்து அதிமதுரம், புளித்த செர்ரி, ஈரமண். வயதான பரோலோ என்றால் ஆல்பா ஊரின் வெள்ளை ட்ரஃபிள் காளானின் மணமும் சேரும். இவ்வளவு மென்மையாக மணந்ததை நம்பி வாயில் வைத்தால், அங்கே வேறு கதை. வெறும் கொட்டைப்பாக்கை மென்றால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் இறுகுமே, அந்த இறுக்கம் அப்படியே வரும். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழவழப்பு போய்விடுவதால் வாய் வறண்டதுபோல ஆகிறது. அந்த நேரத்தில் ஒரு துண்டு இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வாயில் இருந்தால் டானின் அதன் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நம் எச்சிலை விட்டுவிடும். பரோலோவிலேயே ஊறவைத்து வேகவைத்த மாட்டிறைச்சியை அந்த ஊர்க்காரர்கள் அதே ஒயினோடு சாப்பிடுவது இதனால்தான். தனியாகக் குடித்து, கரடுமுரடு என்று ஒதுக்கியவர்கள் ஒயினின் பாதியை மட்டும் பார்த்தவர்கள்.

பரோலோவுக்குச் சட்டப்படி 38 மாதம் முதிர்ச்சி வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம். எந்தப் பீப்பாய் என்பதில் 1980களிலும் 90களிலும் அந்தக் குன்றுகளில் ஒரு போரே நடந்தது. எலியோ ஆல்த்தாரே என்ற இளைஞர் தன் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்துத் தள்ளி, பிரெஞ்சுக்காரர்களின் சிறிய புதுப் பீப்பாய்களைக் கொண்டுவந்தார். எதிர்ப்பக்கம் பார்த்தோலோ மாஸ்கரெல்லோ. சிறிய பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று கையால் லேபிள் எழுதி ஒட்டியவர். அவர் 2005-இல் காலமானார். இன்று இரு தரப்பும் நடுவழிக்கு வந்துவிட்டன. ஆல்த்தாரே தரப்பால் நிலவறைகள் சுத்தமாயின, தோட்டத்தில் கவனம் கூடியது. அதை மறுக்க முடியாது. ஆனால் கோப்பையில் நான் மாஸ்கரெல்லோ கட்சி. புது ஓக் மரத்தின் வனிலா மணம் ஏறிய இடத்தில் ரோஜா நிற்பதில்லை.

முதன்முதலில் பரோலோ வாங்குகிறவர்கள் லா மோர்ரா கிராமத்துப் பாட்டிலைத் தேடலாம். அங்குள்ள மண்ணில் விளைவது சற்று இளகியது, மணம் முந்திக்கொண்டு வரும். செர்ராலுங்காவில் விளைவது முறுக்கானது. பத்து வருடம் காத்திருக்கப் பொறுமை இருந்தால் மட்டும் அதை எடுங்கள். அறுவடை ஆண்டு 2010 அல்லது 2016 என்று கண்ணில் பட்டால் தயங்க வேண்டாம். இரண்டும் பெரிய ஆண்டுகள்.

டஸ்கனியின் சஞ்சொவேசே வேறு குணம். துவர்ப்பு உண்டு, ஆனால் அதை முந்திக்கொண்டு புளிப்பு வரும். புளித்த செர்ரி, உலர்ந்த மூலிகை, தக்காளி இலை. தக்காளிச் சாற்றில் புரண்ட எந்த உணவுக்கும் இது துணை, ஏனென்றால் தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு ஒயினிலும் இருக்க வேண்டும். கியாந்தியில் நெடுங்காலம் சஞ்சொவேசேயோடு வெள்ளைத் திராட்சையும் கலந்தார்கள். 1872-இல் பெத்தீனோ ரிகாசோலி பிரபு எழுதிய கலவை விதியில், இளமையிலேயே குடிக்கும் ஒயினுக்கு மட்டுமே வெள்ளை மால்வாஸியாவைச் சொல்லியிருந்தார். நீண்ட நாள் வைக்கும் ஒயினுக்கு அது வேண்டாம் என்பது அவர் கருத்து. 1967-இல் வந்த சட்டமோ பத்து முதல் முப்பது சதவீதம் வெள்ளை கட்டாயம் என்றது. ஒயின் நீர்த்துப்போயிற்று. அந்த விதிக்குள் நல்ல ஒயின் செய்ய முடியாது என்று வெளியே போனவர்களால்தான் திக்னானெல்லோ போன்ற ஒயின்கள் பிறந்தன. அதன் முதல் அறுவடை 1971. கடைசியில் சட்டம் இறங்கிவந்தது. 2006 அறுவடையிலிருந்து கியாந்தி க்ளாஸிகோவில் வெள்ளைத் திராட்சைக்கு இடமில்லை. சஞ்சொவேசே குறைந்தது எண்பது சதவீதம். பாட்டில் கழுத்தில் கருஞ்சேவல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு, 'இம்போத்தில்யாத்தோ அல்லோரிஜினே' என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விளைந்த இடத்திலேயே அடைத்தது என்று பொருள்.

மொந்தால்ச்சீனோவின் புருனெல்லோ நூறு சதவீதம் சஞ்சொவேசே. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரிக்கு முன் கடைக்கு வரக் கூடாது. அற்புதமான ஒயின், விலையும் அப்படியே. அமரோனேயை நான் சுருக்கமாகவே சொல்வேன். வெரோனாவின் வால்போலிச்செல்லாக் குன்றுகளில் திராட்சையைப் பறித்து, காற்றோட்டமான அறைகளில் மூன்று நான்கு மாதம் உலர்த்தி, எடை மூன்றில் ஒரு பங்குக்குமேல் வற்றியபின் பிழிவது. பதினைந்து பதினாறு சதவீத ஆல்கஹால், உலர்ந்த அத்தி, கறுப்புச் சாக்லேட், கடைசியில் கசப்பு. வியக்கலாம். ஆனால் சாப்பாட்டை மேசையிலிருந்து தள்ளிவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்துகொள்ளும் ஒயின் அது. அதே குன்றுகளின் சாதாரண வால்போலிச்செல்லா க்ளாஸிகோவை நான் அதிகம் விரும்புகிறேன்.

இன்னும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அப்ரூட்சோவின் மொந்தெபுல்சியானோ என்பதில் மொந்தெபுல்சியானோ திராட்சையின் பெயர். டஸ்கனியின் வீனோ நோபிலே தி மொந்தெபுல்சியானோவில் அது ஊரின் பெயர், திராட்சை சஞ்சொவேசே. இரண்டுக்கும் உறவே கிடையாது.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற விதி, கல்வீடுகளில் பதினெட்டு டிகிரியில் வாழ்ந்த ஐரோப்பியர்களுடையது. சென்னையில் முப்பத்திரண்டு டிகிரியில் பரோலோவை ஊற்றினால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும், துவர்ப்பும் முரட்டுத்தனமாகும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். பாட்டிலைத் திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால், அது கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்ற வேதிப்பொருளின் வேலை. காற்றாட வைத்தாலும் போகாது. உணவகத்தில் முதலில் ஒரு வாய் ஊற்றிக் காட்டுவது இதைக் கண்டுபிடிக்கத்தான். கூச்சப்படாமல் திருப்பி அனுப்பலாம்.

மூன்றே மூன்று பாட்டில் வாங்க வழி இருக்கிறது என்றால் என் தேர்வு இது: வால்தொப்பியாதெனே ப்ரூட் ஒன்று, சொவாவே க்ளாஸிகோ ஒன்று, நல்ல பரோலோ செய்கிறவரின் லாங்கே நெப்பியோலோ ஒன்று. லாங்கே நெப்பியோலோ பரோலோவைவிட விலை குறைவு. பெரும்பாலும் அதே கைகள் செய்வது, காத்திருக்கவும் தேவையில்லை. சாப்பாட்டோடு குடியுங்கள், ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் கொஞ்சம் பொறுங்கள்.